தஞ்சாவூருக்கு முதல் பயணம்: ஒரே ஊர், இரண்டு இரவு

கேள்வி: நாங்கள் சீர்காழி வட்டத்தில், திருவெண்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கிறோம். பிளஸ் டூ முடித்திருக்கும் என் மகளுக்கு வயது 17. தஞ்சாவூருக்கு ஒரு கல்யாணத்துக்கும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருந்த அவள் தாத்தாவைப் பார்ப்பதற்கும் வந்திருக்கிறாளே தவிர, பெரிய கோயிலைப் பஸ் சன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது, கல்லூரியில் படிக்கும் அவளுடைய அத்தை மகளோடு (வயது 20) தானே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வர ஆசைப்படுகிறாள். என் கணவரோ, கார் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு போனால் கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், தஞ்சாவூர், வழியில் நான்கு நவக்கிரகத் தலங்கள் என எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் என் பெரியம்மா மகள் இருக்கிறார். மே மாதக் கடைசியில் அனுப்பலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்? என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளை அனுப்பி வையுங்கள். தங்குவதற்கு உறவினர் வீடும், துணைக்கு 20 வயதுப் பெண்ணும், ஏறி உட்கார்ந்தால் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரயிலும் பஸ்ஸும் இருக்கும்போது, ஒரு பெண் முதன்முதலாகத் தானே போய்வருவதற்குத் தஞ்சாவூரைவிடப் பொருத்தமான ஊர் நம் பக்கத்தில் இல்லை. ஆனால் உங்கள் கணவர் போட்டிருக்கும் பட்டியல் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். அவர் சொல்லும் கோயில்கள் அத்தனையும் பார்க்க வேண்டியவையே. ஒரே நாளில் பார்ப்பதுதான் கூடாது. வழிகாட்டித் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், காலையில் இரண்டு கோயில்களை முடித்துவிட்டுப் பிற்பகலில் பெரிய கோயிலுக்குள் நுழையும் குடும்பங்களை அன்றாடம் பார்க்கிறேன். கொதிக்கும் கல்தரையில் கால் பொறுக்காமல் ஓடி, நந்திக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, சன்னதியில் கும்பிட்டுவிட்டு, அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டதென்று வண்டி ஏறிவிடுகிறார்கள். அவர்களோடு வரும் பிள்ளைகளுக்குப் பிற்பாடு எந்தக் கோபுரம் எந்த ஊரில் பார்த்தது என்பதுகூட நினைவில் நிற்பதில்லை. முதல் பயணத்தில் ஒரு பெண் கற்றுக்கொள்ள வேண்டியது ஓரிடத்தில் நின்று, நிதானமாக, தன் கண்ணால் பார்க்கும் பழக்கத்தை. அதற்கு ஒரே ஊர், இரண்டு இரவு, அதிகம் போனால் நான்கு இடங்கள் போதும்.

முதலில் எப்போது என்பதைச் சொல்கிறேன். மே மாதக் கடைசி உகந்ததல்ல. கல்லூரிச் சேர்க்கை அலைச்சலும் அக்கினி நட்சத்திர வெயிலும் சேர்ந்து வரும் நாட்கள் அவை. செருப்பில்லாமல் நடக்க வேண்டிய இடத்தில் அந்த வெயில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அந்த ஆண்டு நீர் இருப்புப் போதுமானதாக இருந்து, வழக்கப்படி திறந்து, கல்லணை வந்து பிரிந்தால், ஜூன் கடைசியில் தஞ்சாவூரைச் சுற்றியுள்ள ஆறுகளில் தண்ணீர் ஓடும். கல்லூரி திறக்கும் தேதி இடம் கொடுத்தால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பொங்கல் கழிந்து தை, மாசி மாதங்கள் நன்றாக இருக்கும். நாளை நீங்களே குறித்துவிடாமல் மகளிடமே விட்டுவிடுங்கள். தன் உடம்புக்கும் உடன்வருபவளின் கல்லூரிக்கும் எது தோது என்பதை அவளே அறிவாள். ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: பிரதோஷ நாளின் மாலையைத் தவிர்த்துவிடட்டும். நந்திக்கு நடக்கும் அபிஷேகத்தைக் காணக் கூட்டம் அலைமோதும். அந்த நாளுக்கே உரிய அழகு உண்டு என்றாலும், கோயிலை முதன்முறை பார்க்கிறவளுக்குக் கூட்டம்தான் தெரியும், கட்டடம் தெரியாது.

சீர்காழியிலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். போகும்போது ரயிலில் போவதே நல்லது. குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர், சுவாமிமலை, பாபநாசம் என்று அவள் கோயில் பெயராகவும் ஊர்ப் பெயராகவும் மட்டுமே கேட்டிருக்கும் இடங்கள், நிலையப் பலகைகளாக வரிசையாக வந்துபோகும். ரயில் நேரத்தை நீங்கள் விசாரித்துச் சொல்லாதீர்கள். அட்டவணையைப் பார்ப்பதும், மயிலாடுதுறையில் வண்டி மாற வேண்டுமா என்று கேட்டு அறிவதும் அவள் வேலையாக இருக்கட்டும். தஞ்சாவூர் ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பஸ்ஸில் வருவதானால், புதுப் பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே தள்ளி இருப்பதையும், பெரிய கோயிலுக்கும் அரண்மனைக்கும் போகப் பழைய பேருந்து நிலையம் வந்து சேர வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு வரட்டும். நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆட்டோ என்றால் ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசிக்கொள்ள வேண்டும்.

உங்கள் அக்காவிடம் இப்போதே பேசிவிடுங்கள். நம் வீடுகளில் விருந்தாளியாகப் பிள்ளைகள் வந்தால், கூடவே போய்ச் சுற்றிக் காட்டுவதைப் பெரியவர்கள் தங்கள் கடமையாக எடுத்துக்கொள்வார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அவர் கூட வந்தால், எங்கே திரும்புவது, எப்போது சாப்பிடுவது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் அவர் முடிவாகிவிடும். படுக்க இடமும் காலைப் பலகாரமும் இரவுச் சாப்பாடும் அவர் வீட்டில், பகல் முழுதும் பெண்கள் இருவரின் பொறுப்பில் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அவர் பெயரிலேயே வைத்துவிடலாம்.

இனி, பெரிய கோயில். முதல் நாள் நண்பகலுக்குள் வந்து சேர்ந்து, சாப்பிட்டு, சற்றே படுத்து எழுந்து, மாலை நாலரை மணிக்குமேல் போகட்டும். நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில் திறப்பார்கள். வெளியே மராட்டியர் கால நுழைவாயிலைக் கடந்தால் கேரளாந்தகன் வாயில், அதற்கடுத்து இராஜராஜன் வாயில். எல்லாரும் விமானத்தைப் பார்க்கும் அவசரத்தில் இந்த இராஜராஜன் வாயிலை இரண்டு எட்டில் தாண்டிவிடுகிறார்கள். உங்கள் மகளை அங்கே கால்மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். இருபுறமும் ஆளுயரத்தைவிடப் பன்மடங்கு பெரிய வாயிற்காவலர் சிலைகள் இருக்கின்றன. அவற்றின் முகத்தைப் பார்த்த பிறகு காலடியைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பாம்பு, யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. யானையை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பு காலடியில் கிடக்கும் காவலன் எவ்வளவு பெரியவன், அப்படிப்பட்டவன் காவல் நிற்கும் உள்ளே இருப்பவர் எத்தகையவர் என்று சிற்பி நம்மைப் படிப்படியாகக் கணக்குப் போட வைக்கிறான். இதை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். "காவலர் காலடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து வந்து சொல்" என்று மட்டும் கேளுங்கள்.

விமானத்தின் உயரம் சுமார் 216 அடி, 13 நிலைகள், முதலாம் இராஜராஜன் 985 முதல் 1014 வரை ஆண்ட மன்னன், அவனது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், கலசம் அளிக்கப்பட்டது. இவற்றை அவள் பாடப்புத்தகத்திலேயே படித்திருக்கலாம். அவள் அங்கே நின்று யோசிக்க வேண்டியது வேறு: தஞ்சாவூர் வண்டல் பூமி. வயலைத் தோண்டினால் களிமண் வருமே தவிரக் கருங்கல் வராது. இந்தக் கோயிலின் கல் ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வந்தது. பாறையே இல்லாத இடத்தில் இப்படி ஒரு கல்மலையை எழுப்ப எத்தனை ஊர்களின் உழைப்பும் நெல்லும் தேவைப்பட்டிருக்கும் என்ற கேள்வி, வயலுக்கு நடுவில் வளர்ந்த பெண்ணுக்குத் தானாகவே எழும்.

அதே முற்றத்தில் நான்கு காலங்கள் நிற்கின்றன. விமானம் சோழருடையது, அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது, இப்போது நாம் காணும் பெரிய நந்தியும் நுணுக்கமான முருகன் கோயிலும் நாயக்கர் காலத்தவை, தென்மேற்குப் பகுதியில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தம் வம்ச வரலாற்றை 1803இல் மராத்தி மொழியில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். முருகன் கோயிலின் தூண்களையும் பெரிய விமானத்தின் அடித்தளத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பல நூறு சொற்களில் நான் விளக்கக்கூடிய வேறுபாட்டைக் கண் தானே பிடித்துக்கொள்ளும்.

இருட்டத் தொடங்கியதும் புல்வெளி ஓரம் இருவரும் உட்கார்ந்துகொள்ளட்டும். அன்று வேறு எதுவும் பார்க்க வேண்டாம்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மீண்டும் அதே கோயிலுக்குப் போக வேண்டும். இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துகிறேன். பெரும்பாலோர் செய்யாததும் இதுதான். மாலையில் கட்டடம் கண்ணை நிறைத்துவிடுவதால் சிறியவை தெரிவதில்லை. காலையில் வெயில் சாய்வாக விழும்போது கல்வெட்டு எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் தங்கி, எழுத்து தெளிவாக எழுந்து நிற்கும். விமானத்தின் அடித்தளத்தில் ஓரிடத்தைத் தேர்ந்து, முகத்தை அருகே வைத்துப் பார்க்கட்டும். முதலில் ஒன்றுமே புரியாது. பிறகு ட, ப, ம போன்ற எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு அருகிலேயே இருப்பது தெரியும். புள்ளி வைக்கும் வழக்கம் அக்கல்வெட்டுகளில் இல்லை என்பது தெரிந்தால் இன்னும் சில சொற்கள் பிடிபடும். ஒரு சொல்லை அவளாகப் படித்துவிட்டால் போதும், அந்தக் காலை வீணாகவில்லை. ஒன்று மட்டும்: எழுத்தை எடுப்பாகக் காட்ட மாவோ சாக்கட்டியோ தேய்க்கக் கூடாது.

அந்தக் கல்வெட்டுகளில் மன்னன் தான் கொடுத்தவற்றோடு தன் அக்கன் குந்தவை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் சேர்த்தே வெட்டச் சொல்லியிருக்கிறான். வடக்குத் திருச்சுற்றின் வெளிப்புறத்தில் உள்ள நீண்ட கல்வெட்டு, கோயில் பணிக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளை (ஆடல் மகளிரை) ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருப்பவர் என்று பதிந்து, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று பங்கும் வகுத்திருக்கிறது. திருவாரூரிலிருந்து வந்தவர்கள், பழையாறையிலிருந்து வந்தவர்கள் என்று நம் டெல்டா ஊர்ப் பெயர்கள் அதில் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வேற்றூருக்கு வந்து சேர்ந்த பெண்களின் வீட்டு எண்கூடக் கல்லில் இருக்கிறது என்பதை, முதன்முதலாகத் தனியே வெளியூர் போகும் ஒரு பெண் அறிந்துகொண்டு அந்தச் சுவர் ஓரம் நடக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

வழிகாட்டி வேண்டுமா என்ற கேள்வி எழும். முதல் மாலை வேண்டாம். இரண்டாம் நாள் காலை, அவளுக்கென்று சில கேள்விகள் சேர்ந்த பிறகு, சுற்றுலாத் துறை அடையாள அட்டை வைத்திருப்பவரை, நேரத்தையும் தொகையையும் முன்பே பேசிக்கொண்டு அமர்த்தலாம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றோ, உச்சிக் கல் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றோ சொல்கிறவர்களிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம். நிழல் விழுகிறது, காலையிலும் மாலையிலும் அவளே பார்க்கலாம். உச்சியில் உள்ள சிகரம் பல கற்களைச் சேர்த்து அமைத்தது. இந்தக் கதைகள் இல்லாமலே கோயில் பெரியதுதான். கருவறையைச் சுற்றிய உள்பாதையில் உள்ள சோழர் கால ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்க அனுமதி இல்லை. அவற்றின் படங்களை வளாகத்துக்குள் தொல்லியல் துறை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் பார்க்கலாம்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அரண்மனை. நடந்தே போய்விடலாம். நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரிவாக்கிய இந்த வளாகத்துக்குள் தர்பார் மண்டபம், மணி கோபுரம், கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகம் என்று பல பிரிவுகள் தனித்தனி நிர்வாகத்தில் இருப்பதால் நுழைவுச்சீட்டும் தனித்தனியாக வாங்க நேரும். வார விடுமுறையும் பிரிவுக்குப் பிரிவு மாறும் என்பதால், புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். அந்தத் தொலைபேசி அழைப்பையும் மகளே செய்யட்டும். சரசுவதி மகாலில் சுவடிகள் உள்ள பகுதிக்குள் போக முடியாது. பார்வையாளருக்கான காட்சிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம் போதும்.

கலைக்கூடத்துக்குத்தான் நேரம் வேண்டும், அதுவும் உங்கள் மகளுக்கு. 1951இல் தொடங்கப்பட்ட அந்தக் கூடத்தின் தலைசிறந்த செப்புத் திருமேனிகளில் சில உங்கள் திருவெண்காட்டு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை. பரீட்சைக்கு முன் புதன் சன்னதியில் விளக்கேற்ற அவள் எத்தனையோ முறை போயிருக்கக்கூடிய அதே கோயிலுக்கு உரியவை. ரிஷபவாகன தேவர் என்ற திருமேனியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரிய கோயில் முடிந்த மறு ஆண்டு, 1011இல், செய்தளிக்கப்பட்டது அது. சடையைத் தலைப்பாகைபோல் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மற்றதன் குறுக்கே இயல்பாக மாற்றி வைத்து, ஒரு கையைப் பக்கத்தில் நிற்கும் காளையின்மேல் சாய்த்தபடி சிவபெருமான் நிற்கிறார். காளை இல்லை. அது கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கையின் கீழே வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால், காளையின் திமில் எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்பதுவரை தெரிகிறது. உழவு மாட்டின்மேல் கைபோட்டு நின்று பேசும் ஆட்களை உங்கள் ஊரில் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த நிற்கும் விதம் புதிதாக இருக்காது. திருவெண்காட்டிலிருந்தே கிடைத்த, மணக்கோலச் சிவனான கல்யாணசுந்தரரும் அங்கே இருக்கிறார்; கைப்பிடித்த மணமகளின் நாணத்தை முகத்தில் தேடாமல், அவள் தோளிலும் முழங்காலிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்று பிற்பகல் ஓய்வெடுத்து, நான்கு மணிக்குமேல் திருவையாறு போகும் டவுன் பஸ்ஸில் ஏறட்டும். 13 கிலோமீட்டர்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் அந்தக் குறுகிய தூரத்தில் பஸ் கடக்கும். பாலங்களை எண்ணிக்கொண்டே போகலாம். தண்ணீர் ஓடும் நாட்களாகப் பார்த்து அனுப்பச் சொன்னது இதற்காகவும்தான். கடைமடையில் வாழும் உங்களுக்கு வந்து சேரும் தண்ணீர் எங்கே எப்படிப் பிரிகிறது என்பதை அவள் கண்ணால் காண இதைவிட எளிய வழி இல்லை. ஐயாறப்பரைத் தரிசித்து, காவிரிப் படித்துறைக்கும் தியாகராசர் சமாதிக்கும் போய்விட்டு, அசோகா அல்வாவும் சாப்பிட்டுவிட்டு, ஏழரை மணிக்குள் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். தண்ணீர் ஓடும்போது படித்துறையில் மேல்படியோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆற்றில் இறங்க வேண்டாம்.

மூன்றாம் நாள் காலையை வெறுமையாக விட்டுவிடுங்கள். தலையாட்டி பொம்மை வாங்கலாம், பலா மரத்தைக் குடைந்து வீணை செய்யும் பட்டறை எதையாவது கேட்டு விசாரித்துப் போய்ப் பார்க்கலாம், மூன்றாம் முறையாகப் பெரிய கோயிலுக்கே போகலாம். எதை முடிவு செய்கிறாள் என்பது அவள் விருப்பம்.

என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முதலில், கையில் இருக்க வேண்டியவை: ஆதார் அட்டை, நிறைந்த தண்ணீர்ப் புட்டி, பருத்தி உடை, கழற்றி மாட்ட எளிதான செருப்பு, கைப்பேசிக்குப் பவர் பேங்க். பணத்தை இருவரிடமும் பிரித்துக் கொடுங்கள்; ஜி-பே இருந்தாலும் சில்லறை நோட்டு கையில் இருக்க வேண்டும். 112, 181 ஆகிய உதவி எண்கள் இருவர் கைப்பேசியிலும் பதிவாகியிருக்கட்டும். யாராவது ஒட்டிக்கொண்டு தொந்தரவு செய்தால், கூச்சப்படாமல் உரக்கப் பேசி, பக்கத்தில் குடும்பமாக இருப்பவர்களிடமோ கோயில் காவலரிடமோ போய் நிற்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். மதியம் ஒரு முறை, இரவு வீடு திரும்பியதும் ஒரு முறை அவள் உங்களை அழைக்க வேண்டும். இடையில் நீங்கள் அழைக்காதீர்கள். இது உங்களுக்குச் சிரமமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் அரைமணிக்கொரு முறை மணி அடிக்கும் கைப்பேசியோடு எவராலும் ஒரு கல்வெட்டைப் படிக்க முடியாது. கணக்கு எழுதும் சிறு நோட்டு ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். செலவை எழுதுகிற பக்கத்திலேயே அவள் பார்த்ததையும் எழுதத் தொடங்குவாள்.

திரும்பும்போது மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட்டால், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் சீர்காழி வந்துவிடலாம். அங்கிருந்து கிராமத்துக்கு மினி பஸ் கிடைக்காது என்றால் மட்டும் உங்கள் கணவர் போய் அழைத்து வரட்டும்.

அவருடைய கார் யோசனையைக் கைவிட வேண்டியதில்லை; ஒரு மாதம் தள்ளி வைத்தால் போதும். தஞ்சாவூரைப் பார்த்துவிட்டு வந்த மகளையும் ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் கிளம்பி, அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போங்கள். தந்தை கட்டிய விமானத்தின் நேர்க்கோடுகளும் மகன் இராஜேந்திரன் கட்டிய விமானத்தின் வளைவும் எப்படி வேறுபடுகின்றன என்று அவள் உங்களுக்குச் சொல்வாள். அங்கே வடபுறத்தில், சிவனடியாரான சண்டேசருக்குச் சிவபெருமான் தம் கையாலேயே மாலை சூட்டும் சிற்பத்துக்கு முன் போதிய நேரம் நில்லுங்கள். நவக்கிரகத் தலங்களை அந்த நாளிலும் சேர்க்க வேண்டாம். அவற்றுக்குத் தனியே ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.